விட்டு விட்டுப் போகும் கோடு

பெருமை பேசுவது அழகில்லை என்பார்கள். அழகில்லாமல் போனால் போகட்டும், நான் பேசத்தான் போகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. படித்த குழந்தைகள் முதன்முதலாகப் பென்சிலைப் பிடித்து ஒரு கோட்டை ஒழுங்காக இழுத்தார்கள் என்றால், அது நான் வெட்டிக் கொடுத்த கோட்டின் மேல்தான். நான் டீச்சர் இல்லை. ஆபீசில் டைப்பிஸ்ட்.

வெட்டுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடை ஊருக்குள் வந்திருந்தாலும், வகுப்பு முழுவதற்கும் அங்கே எடுக்க யாருக்கும் மனசு வராது. பள்ளிக்கூடத்துக்கு சைக்ளோஸ்டைல் மெஷின்தான் கதி. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் ஏற்றி, ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு வெட்டுப்படும். அந்தத் தாளை மெஷினின் உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், வெட்டுப்பட்ட வழியாக மை இறங்கி வெள்ளைத் தாளில் அச்சாகும். கேள்வித்தாள், லீவு அறிவிப்பு, பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு எல்லாம் அப்படித்தான் வெளிவந்தன. ஒரு பிழை இல்லாமல் முழு ஸ்டென்சிலும் அடிப்பேன் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. மூக்குக்கு மேல் கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்த டைப்பிஸ்டிடம் வந்து தாள் கேட்க எல்லா டீச்சர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

யோசிக்காமல் வந்தவர் எல்.கே.ஜி. மிஸ். கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான பயிற்சி படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்தார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். ஜூன் மாதம் ஒரு மத்தியானம் கையில் நாலைந்து தாள்களுடன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, உங்களால ஒரு காரியம் ஆகோணுங்க. எழுத்தே இல்லாம ஒரு ஸ்டென்சில் வெட்டித் தருவீங்களா?"

"எழுத்தே இல்லாமயா? அப்புறம் என்னத்துக்கு டைப்ரைட்டரு?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பென்சிலால் தான் வரைந்திருந்ததைக் காட்டினார். ஒரு தாளில் மேலே மேகம், கீழே செடி, நடுவில் மழையாக நேர்கோடுகள். இன்னொன்றில் ஆட்டுக்குட்டியிலிருந்து அகத்திக்கீரைக் கட்டு வரை வளைந்து போகும் பாதை. ஒன்றில் வெறும் தக்காளி, உள்ளே காலி. சிவப்புக் காகிதத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்து அதற்குள் ஒட்ட வேண்டுமாம்.

"மூணு வயசு, நாலு வயசுப் புள்ளைக கையில சிலேட்டக் குடுத்து அஆ எழுதச் சொல்றோமுங்க. அதுக பலப்பத்த உலக்கை மாதிரி புடிக்குது. வெரலுக்கு பலமே வரலீங்க. கிழிக்கட்டும், ஒட்டட்டும், கோட்டு மேல கோடு போடட்டும். எழுத்து அப்புறமா தானா வருமுங்க."

எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் மழைக்கோட்டைப் பார்த்ததும் கை பரபரத்தது. டைப்ரைட்டரில் இருக்கும் சின்னக் கோட்டுப் பொத்தானை வரிசையாகத் தட்டினால் மழை அழகாக வந்துவிடும், தாளைப் பக்கவாட்டில் ஏற்றினால் போதும். வளைவுகளுக்கு ஸ்டென்சிலைக் கண்ணாடி மேல் விரித்து, இரும்புமுனைப் பேனாவால் கீறினேன். பெரிய வளைவுக்கு டம்ளர், நடுத்தரத்துக்கு என் வளையல், சின்னதுக்கு என் மகளின் வளையல். முதல் நாள் முழு வட்டமாக ஒரு சூரியனைக் கீறிவிட்டேன். மெஷினில் மாட்டியதும் சூரியன் அப்படியே உருண்டையாகக் கழன்று விழுந்துவிட்டது. அச்சில் வந்தது ஒரு கறுப்பு மைக் குளம். அன்றிலிருந்து எந்தக் கோட்டையும் விட்டு விட்டுத்தான் வெட்டுவேன். ஒரு சின்னக் கீறல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு கீறல். இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். யாராவது ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க மாட்டார்களா என்று இருக்கும் எனக்கு.

வாரத்துக்கு இரண்டு தாள் என்று ஆரம்பித்தது நாலாயிற்று. சட்டைக்குப் பொத்தான் வைக்கும் தாள், மொட்டைக் கத்தரிக்கோலால் வெட்டும் தாள், கோழிக்குஞ்சு தாயைத் தேடிப் போகும் தாள். தீபாவளிக்குள் அவிநாசியில் இருந்த இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வாங்கிப் போனார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது என் சைக்கிள் தரையில் ஓடவில்லை.

பெற்றோருக்குத்தான் புரியவில்லை. வீட்டில் போட்டு வரச் சொல்லி அனுப்பிய தாளை ஒரு அப்பா, ஸ்கேலும் நீலப் பேனாவும் வைத்துத் தானே போட்டு அனுப்பினார். ஒரு அம்மா தாளை அயர்ன் பண்ணிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"பிரிண்டு பண்ணுன தாளுங்க. இவன் கிறுக்கிப்போடுவான்னு பீரோவுல எடுத்து வெச்சுப்போட்டனுங்க."

எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் தாளைப் பீரோவில் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஜனவரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நூறு வரை எழுதுகிறார்கள், நம் பிள்ளைகள் காகிதம் கிழிக்கிறார்கள் என்று நாலைந்து பேர் எழுந்து சொன்னார்கள். எங்கள் தாளாளர் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, பிறகு பெரிய தறிப்பட்டறை போட்டவர். நல்ல மனுஷர்தான், ஆனால் கூட்டத்தில் நாலு பேர் பேசினால் ஐந்தாவதாக அவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். அங்கேயே அறிவித்தார்.

"மார்ச் மாசம் நானே வந்து பாக்கறனுங்க. ஆளுக்கு ஒரு தாளு. கோட்டு மேல கோடு போடற புள்ள யு.கே.ஜி. போகட்டும். போடாத புள்ள இன்னொரு வருசம் அங்கயே இருக்கட்டும். ஒண்ணும் கெட்டுப்போயிராது."

நாலு வயதுக் குழந்தைக்குப் பரீட்சையா என்று மிஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அந்த வகுப்பில் என் மகளும் இருந்தாள்.

அவள் மக்கு இல்லை. எல்லாத் தாளையும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் போட்டாள், கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான். ஆனால் ஸ்டென்சில் வெட்டுகிறவள் பிள்ளைக்கே கோடு வரவில்லை என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு ஆபீசில் உட்காருவேன்? அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் பெரிய பெஞ்சுக்குப் போகும்போது இவள் மட்டும் புதுசாக வரும் குட்டிகளோடு உட்கார்ந்திருப்பாளே என்பதும் சேர்ந்துகொண்டது. எது பெரிய பயம் என்று அன்று கேட்டிருந்தால் முதலாவதைத்தான் சொல்லியிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

பரீட்சைக்கான தாளை மிஸ் வரைந்து கொடுத்தார். ஒரு மூலையில் பட்டம், எதிர் மூலையில் ஒரு சிறுமியின் கை, இரண்டுக்கும் நடுவே தாள் முழுக்க வளைந்து நெளிந்து ஓடும் நூல். நான் வெட்டியதிலேயே அழகான கோடு அதுதான் என்று இன்றும் சொல்வேன். செய்யக் கூடாத ஒன்றும் செய்தேன். மை சரியாக விழாமல் கழித்துப்போட்ட பிரதிகளில் பத்துப் பதினைந்தை எடுத்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். என் வீட்டுக்காரர் நாலு விசைத்தறி வைத்து, நூல் வாங்கித் துணி நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எங்கள் பேச்சு, சாப்பாடு, தூக்கம் எல்லாம். அன்று சாயங்காலம் மகளைச் சமையலறையில் உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன்.

"பட்டத்துல ஆரம்பிச்சு கை வரைக்கும் போ, கண்ணு."

அவள் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முதல் இடைவெளியில் பென்சிலை வைத்து ஒரு சின்னச் சுழி போட்டாள். அடுத்த இடைவெளியில் இன்னொரு சுழி. அதற்கடுத்ததில் இன்னொன்று. கோடு மட்டும் போடவில்லை.

"இது என்ன பண்ற? கோடு போடு."

அவள் வாயைத் திறப்பதற்குள் தாளைப் பிடுங்கிவிட்டேன். இரண்டாவது தாளிலும் சுழி. மூன்றாவதிலும் சுழி. என் அருமையான கோட்டின் மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ரப்பரால் அழித்து அழித்து ஒரு தாள் கிழிந்தே போயிற்று. பிறகு அவள் கையை என் கைக்குள் பிடித்துக்கொண்டு பட்டத்திலிருந்து சிறுமியின் கை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தேன். "இப்படி. தெரியுதா? இப்படி." தலையாட்டினாள். கையை விட்டதும் மறுபடி சுழி.

ஒரு வாரம் இதே கதை. கடைசி நாள் அவள் விரல்களின் மேல் ஒரு அடி வைத்துவிட்டேன். பலமான அடி இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் அழவில்லை. பென்சிலைத் தாளின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "உடு புள்ள. சின்னக் கொழந்த" என்றார். "நீங்க பேசாம உங்க தறியப் பாருங்க" என்று அவரையும் ஒரு கத்து கத்தினேன்.

அந்த நாள் வந்தது. பரீட்சைத் தாள்களை நானே சுற்றி எடுத்து, மை காய்ந்ததா என்று பார்த்து, வகுப்புக்குக் கொண்டுபோனேன். தாளாளர் வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு குழந்தைகளின் குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலு நாலு பேராகக் கூப்பிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் கோட்டின் மேல் ஓரளவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பையன் பட்டத்துக்குக் கண்ணும் மீசையும் வரைந்துவிட்டுக் கோட்டையும் போட்டான். தாளாளர் சிரித்துவிட்டார்.

என் மகளின் முறை வந்தது. தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் போய்விட்டன.

மிஸ் அதைக் கவனித்துவிட்டார். என்னிடம் வந்து மெல்ல, "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். என் பள்ளிக்கூடத்தில், என் தாளுக்கு முன்னாலிருந்து, என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன். போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மிஸ் திரும்பிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவளுடைய வலது கை வெளியே வந்தது. பென்சிலை எடுத்தது. முதல் இடைவெளியில் ஒரு சுழி. அடுத்ததில் ஒரு சுழி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், இன்னொரு வருசம் எல்.கே.ஜி. என்று முடிவே கட்டிவிட்டேன்.

தாளாளர் குரல் கேட்டது. "அம்மணி, இது என்ன சாமி போடற?"

"நூலு அந்து அந்து கெடக்குதுங்க," என்றாள் என் மகள். "முடிச்சுப் போடறனுங்க."

தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் மேல் குனிந்தார்.

"அப்ப கோடு எப்பப் போடுவ?"

"மொதல்ல முடிச்சுங்க. அப்புறந்தான் ஓட்டோணும். அந்துபோன நூலோட தறி ஓட்டக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்கறாருங்க."

தறிக்கூடத்து வாசலில் நின்று எத்தனை நாள் பார்த்தாளோ. பாவில், நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒன்று அறுந்தால் அவர் தறியை நிறுத்துவார், குனிந்து இரண்டு நுனியையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார், பிறகுதான் ஓட விடுவார். அது எங்கள் ஊரில் எல்லாத் தறிகாரரும் செய்வது. அந்தத் தறியில் நெய்த காசில் சாப்பிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்துகொண்டு, எனக்கு அது தோன்றவில்லை. நான் என் இடைவெளிகளின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை அறுந்த நூலாகப் பார்த்திருக்கிறாள்.

"செரி, போடு," என்றார் தாளாளர்.

அவர் காத்திருந்தார். பட்டறையில் ஆயிரம் வேலை இருக்கிற மனுஷர் அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தபடி காத்திருந்தார். நடுவில் மணி அடித்தது. மிஸ் எழப் போனார். "அடிக்கட்டும், உக்காருங்க" என்றார். என் மகள் ஒரு இடைவெளியையும் விடவில்லை. நாக்கின் நுனியை உதட்டில் வைத்துக்கொண்டு, கடுகளவு சுழிகளாக, நாற்பதுக்கு மேல் போட்டாள். கடைசிச் சுழி போட்டதும் பென்சிலைப் பட்டத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து ஒரே ஓட்டமாக, எங்கேயும் நிற்காமல், எல்லா முடிச்சுகளின் வழியாகவும், சிறுமியின் கையில் கொண்டுவந்து நிறுத்தினாள். கோடு என் கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகவில்லை.

தாளாளர் தாளைக் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஏனுங் மிஸ், எம்பட பட்டறையில இத்தன பொடுசா முடிச்சுப் போடற ஆளு ரெண்டு பேருகூட இல்லீங்க," என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்து, நான் நிற்பது தெரிந்தே, "உள்ள வாங்கம்மா. உங்க கோடுதான் அந்து கெடந்துது. புள்ள எல்லாத்தையும் கட்டிப்போட்டா" என்றார்.

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பெருமை எனக்கு வந்ததில்லை. அது நான் வெட்டிய கோட்டினால் வந்ததும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், என்னிடம் அடியும் வாங்கி, தனக்குச் சரி என்று பட்டதை ஒரு வாரம் விடாமல் போட்டவள் என் வயிற்றில் பிறந்தவள். அழுகை வந்துவிட்டது. தாளாளர் முன்னால் அழக் கூடாது என்று முந்தானையால் மை துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. மத்தியானம் யு.கே.ஜி. போகிறவர்களின் பட்டியலை ஸ்டென்சிலில் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. முழுப் பட்டியலிலும் ஒரே ஒரு பிழை விட்டேன். அது என் மகளின் பெயரில். பிழையை மூடும் சிவப்புத் திரவத்தைத் தடவிக் காயவிட்டு மறுபடி அடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், மிச்சம் இருந்த ஒரு பட்டத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், முடியவில்லை.

"ஏன் கண்ணு, நூலு அந்து கெடக்குதுன்னு எங்கிட்ட சொல்லலாமல்ல? கோடும் நல்லாப் போடறயே, இத்தன நாள் எனக்கு ஒருக்காகூடப் போட்டுக் காட்டலையே?"

அவள் தாளை நேராக வைத்துக்கொண்டு, முதல் இடைவெளியைத் தேடியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ கையப் புடிச்சுக்கிட்டே இருந்தயே, அம்மா."

அதில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் என் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசம் வந்தது. எழுந்திருக்கவில்லை. அவள் கடைசி முடிச்சுப் போட்டு, கோட்டை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று.